திருவாரூர் தந்த நீதிபதி
சர் தி. முத்துசாமி ஐயர் வாழ்க்கை வரலாறு

திருவாரூர் என்றதும் அடியார்களின் நெஞ்சில் முதலில் எழுவது தியாகேசப் பெருமானின் ஆழித்தேர். அடுத்து நினைவுக்கு வருவது மற்றொரு தேர். பசுவின் கன்றைத் தன் மைந்தன் தேர்க்காலில் கொன்றான் என்பதை ஆராய்ச்சி மணியின் ஓசையால் அறிந்து, அம்மைந்தனையே அவ்வாறு தண்டிக்கத் துணிந்த மனுநீதிச் சோழனின் தேர் அது. சேக்கிழார் பெருமான் பெரியபுராணத்தில் திருநகரச் சிறப்பு உரைக்குமிடத்து இவ்வரலாற்றை விரித்துரைத்துள்ளார். வாயில்லாத ஓர் உயிருக்கும் அரசனின் வாயிலில் மணியடிக்கும் உரிமை உண்டு என்பதே அக்கதையின் உட்பொருள்.

அந்தத் திருவாரூரின் பெயரையே தம் பெயரின் முன்னெழுத்தாகச் சுமந்தவர் சர் தி. முத்துசாமி ஐயர். சென்னை உயர் நீதிமன்றத்தின் முதல் இந்திய நீதிபதி அவரே. சங்கீத மும்மூர்த்திகள் பிறந்த அதே ஊரில், மாதம் 1 ரூபாய் ஊதியத்திற்கு வேலை பார்த்த ஓர் ஏழைச் சிறுவன், தலைமை நீதிபதியின் ஆசனம் வரை சென்ற வரலாறு நம் பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டியதாகும். ஆலயப் பொறுப்பில் இருப்போர் சிந்திக்க வேண்டிய செய்திகளும் அதில் உள்ளன.

ஒரு ரூபாய்ச் சம்பளம்

முத்துசாமி ஐயர் 1832-ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் தஞ்சை மாவட்டத்து உச்சுவாடி என்னும் சிற்றூரில் வறிய குடும்பம் ஒன்றில் பிறந்தார். இளமையிலேயே தந்தையை இழந்தார். பிழைப்பு நாடி அன்னையுடன் திருவாரூர் வந்து சேர்ந்த அச்சிறுவனுக்குக் கிராமக் கணக்கரிடம் உதவியாளர் வேலை கிடைத்தது. நிலவரி, விளைச்சல், பாசனம் முதலிய கணக்குகளைப் படியெடுப்பதும் கூட்டிச் சரிபார்ப்பதும் அவ்வேலை. நம் தோட்டங்களில் கிராணியாரின் அறையில் பேரேடு எழுதப் பழகும் இளைஞனை நினைத்துப் பார்த்தால் அக்காட்சி விளங்கும். சிறிது காலத்திற்குள் அன்னையும் மறைந்தார். மகன் அடைந்த எந்தச் சிறப்பையும் காண அந்தத் தாய்க்குக் கொடுத்து வைக்கவில்லை.

அக்காலத்தில் அவ்வூர்த் தாசில்தாராக இருந்தவர் முத்துசாமி நாயக்கர். ஒரு நாள் ஆற்றில் சேதம் ஏற்பட்டுவிட்டது என்ற செய்தி தாசில்தாருக்கு எட்டியது. உடனே சென்று பார்த்து வரப் பெரிய எழுத்தர் எவரும் அலுவலகத்தில் இல்லை. அங்கிருந்த சிறுவன் தானே சென்று, சேதத்தின் அளவையும் பிற விவரங்களையும் துல்லியமாக அறிந்து வந்து உரைத்தான். சிறுவன் பேச்சை நம்பலாமா என்ற ஐயத்தினால் அதனை மறுபடியும் சரிபார்க்கச் செய்தபோது, அவன் கூறியவை யாவும் உண்மையே எனத் தெரிந்தது. அன்று முதல் தாசில்தாரின் அன்பும் ஆதரவும் அவனுக்குக் கிட்டின என்று அவர் வரலாற்றை எழுதியோர் கூறுகின்றனர்.

இந்நிகழ்ச்சி சிறியதுதான். ஆயினும் பின்னாளைய நீதிபதியின் இயல்பு முழுவதும் இதில் அடங்கியுள்ளது. கேள்விப்பட்டதை அப்படியே கொண்டு வந்து கூறாமல் நேரில் சென்று பார்ப்பது, பார்த்ததை அளந்து அறிவது, அறிந்ததைக் கூட்டாமலும் குறைக்காமலும் சொல்வது என்னும் மூன்றையும் அவர் இறுதிவரை விடவில்லை.

கல்வி தேடிய பயணம்

தாசில்தார் நாயக்கரின் உதவியால் முத்துசாமி முதலில் நாகப்பட்டினத்திலும் பின்னர்ச் சென்னையிலும் ஆங்கிலக் கல்வி பெற்றார். பெற்ற பிள்ளையும் அல்லாத, தம் இனத்தவனும் அல்லாத ஒரு சிறுவனுக்குக் கல்விக் கதவைத் திறந்துவிட்ட அந்தத் தாசில்தாரை நாம் நன்றியுடன் நினைத்தல் வேண்டும். சென்னையில் அவருக்கு வாய்த்த ஆசான் பவல் துரை. பின்னாளில் மாநிலக் கல்லூரியாக வளர்ந்த பள்ளியின் தலைவர் அவர். மாணவரின் திறமையைக் கண்டு ஊக்குவித்தவர்.

இரவில் தெருவிளக்கின் ஒளியில் அமர்ந்து முத்துசாமி படித்தார் என்று தமிழ்நாட்டில் வழிவழியாகச் சொல்லி வருகின்றனர். எண்ணெய்க்கு வழியற்ற வீட்டுப் பிள்ளைகளுக்குப் பெற்றோர் கூறிக் கூறி அக்கதை நிலைத்துவிட்டது. மண்ணெண்ணெய் விளக்கைச் சுற்றி அமர்ந்து படித்த நம் தோட்டத்துப் பெரியவர்களுக்கு இதனை விளக்க வேண்டியதில்லை.

1854-ஆம் ஆண்டில் மாணவர்களுக்கென நடத்தப்பெற்ற ஆங்கிலக் கட்டுரைப் போட்டியில் 500 ரூபாய்ப் பரிசை அவர் வென்றார். மாதம் 1 ரூபாய் வீதம் அத்தொகையைத் திருவாரூரில் ஈட்டுவதானால் 41 ஆண்டுகளுக்கு மேல் உழைத்திருக்க வேண்டும். கல்வி ஒரு மனிதனின் உழைப்புக்கு எத்தகைய மதிப்பை ஏற்றுகிறது என்பதற்கு இந்தக் கணக்கு ஒன்றே போதும்.

படிப்படியாக உயர்ந்த பணி

படிப்பு முடிந்ததும் அவர் ஆசிரியப் பணியும் ஆட்சியர் அலுவலகப் பணியும் பார்த்தார். 1856-இல் பள்ளிகளின் துணை ஆய்வாளராக ஆனார். வக்கீல்களுக்கான தேர்வை அரசு ஏற்படுத்தியபோது அதனை எழுதி, முன்னணியில் தேறி, தரங்கம்பாடியில் மாவட்ட முன்சீப்பாக அமர்ந்தார். 1859-இல் தஞ்சையில் துணை ஆட்சியர் பதவி கிடைத்தது. 1865-இல் தென் கன்னட மாவட்டத்தில் சார்பு நீதிபதியானார். 1868-இல் சென்னை நகரின் போலீஸ் மாஜிஸ்திரேட்டாக வந்தார். பின்னர் அந்நகரின் சிறு வழக்கு நீதிமன்றத்திலும் நீதிபதியாக இருந்தார்.

இவ்வரிசையைச் சற்று ஊன்றி நோக்குதல் வேண்டும். வயல் வரப்பும் வாய்க்காலும் அறிந்தவர், வரி விதிப்பை அறிந்தவர், கடற்கரை ஊரின் வாணிக வழக்குகளைக் கேட்டவர், தமிழ் வழங்காத மாவட்டத்திலும் பணியாற்றியவர் அவர். ஏணியின் ஒரு படியையும் தாண்டிக் குதித்தவரல்லர். பதவியில் இருந்துகொண்டே, நடுத்தர வயதில், இளைஞர்களுடன் தேர்வெழுதிச் சட்டப் பட்டமும் பெற்றார். வடமொழியையும் பயின்றார். படிப்பதற்கு வயது கடந்துவிட்டது என்று கூறுவோர் இதனை எண்ணிப் பார்க்கலாம்.

மூன்று ரூபாய் அபராதம்

அவர் மாஜிஸ்திரேட்டாக இருந்த காலத்து நிகழ்ச்சி ஒன்று வெகுவாகப் பேசப்பட்டது. உயர் நீதிமன்றத்து ஐரோப்பிய நீதிபதி ஒருவர், தம் இடத்திற்குள் நுழைந்த இந்தியர் ஒருவரைத் தாக்கினார் என்ற புகார் அவர் முன் வந்தது. அத்தகைய உயர்ந்த பதவியாளரை நேரில் அழைக்க வேண்டாம் எனத் தலைமை மாஜிஸ்திரேட் அறிவுரை கூறினார். முத்துசாமி ஐயர் அதற்கு இணங்கவில்லை. எல்லோரையும் போலவே அந்த நீதிபதியும் நீதிமன்றத்திற்கு வர வேண்டும் என்று ஆணையிட்டு, விசாரித்து, 3 ரூபாய் அபராதம் விதித்தார்.

தொகையோ மிகச் சிறிது. ஆனால் அக்காலச் சூழ்நிலையை நினைத்துப் பார்த்தல் வேண்டும். ஆட்சி வெள்ளையருடையது; மாஜிஸ்திரேட் பதவியை அளித்தவர்களும் அவர்களே. ஒரு சொல்லில் அந்தப் பதவியைப் பறிக்கவும் அவர்களால் இயலும். தாயும் தந்தையும் செல்வமும் செல்வாக்கும் இன்றித் தம் முயற்சியால் மட்டுமே மேலே வந்த ஒருவர், தாம் பெற்ற யாவற்றையும் அந்த 3 ரூபாய்த் தீர்ப்புக்காகப் பணயம் வைத்தார். தண்டனையைக் குற்றத்தின் அளவுக்கு மேல் கூட்டி வீரம் காட்டவும் அவர் முனையவில்லை. ஆராய்ச்சி மணியை அடித்தவன் ஏழை என்பதற்காக வாயிற்கதவை அடைக்கவில்லை, அவ்வளவே.

உயர் நீதிமன்றத்தின் முதல் இந்திய நீதிபதி

சென்னை உயர் நீதிமன்றம் 1862-இல் தோன்றியது. கல்கத்தா உயர் நீதிமன்றத்தில் 1863-ஆம் ஆண்டிலேயே சம்புநாத் பண்டிதர் நீதிபதியாக அமர்ந்துவிட்டார். சென்னையிலோ அவ்வாசனத்தில் இந்தியர் ஒருவர் அமர 1878 வரை காத்திருக்க நேர்ந்தது. அவ்வாண்டு முத்துசாமி ஐயர் நியமனம் பெற்றார்.

ஆங்கிலேயர் நடத்திய பத்திரிகைகள் இந்நியமனத்தைக் கடுமையாக எதிர்த்து எழுதின. இந்தியர் ஒருவர் அத்தகுதிக்கு உரியவரா என்ற ஏளனம் அவ்வெழுத்துகளில் இருந்தது. நியமனம் பெற்றவரோ, பதவியின் கண்ணியம் கருதி, ஒரு சொல்லும் மறுமொழியாக எழுத இயலாத நிலையில் இருந்தார். அவருக்காகக் குரல் எழுப்ப இந்தியர் கையில் வலுவான பத்திரிகை இல்லை என்பதை உணர்ந்த திருவல்லிக்கேணி இளைஞர் அறுவர், ஜி. சுப்பிரமணிய ஐயர், வீரராகவாச்சாரியார் முதலியோர், 1 ரூபாய் 12 அணா கடன் வாங்கி, 1878 செப்டம்பர் 20 அன்று 80 பிரதிகள் அச்சிட்டு ஒரு வார இதழைத் தொடங்கினர். அதுவே இன்று உலகம் அறிந்த இந்து நாளிதழ். அவ்விளைஞருள் ஒருவரான சுப்பிரமணிய ஐயர் 1882-இல் சுதேசமித்திரனைத் தொடங்கித் தமிழ் இதழியலுக்கும் வழிகாட்டினார். ஒரு நீதிபதிக்கு இழைக்கப்பட்ட அவதூறிலிருந்து இவ்வளவு பெரிய நன்மை விளைந்தது.

முத்துசாமி ஐயரின் மறுமொழி வேறு வகையில் வந்தது. ஏறத்தாழ 17 ஆண்டுக் காலம் அவர் அவ்வாசனத்தில் அமர்ந்து எழுதிய தீர்ப்புகளே அம்மறுமொழி. இந்து சட்டத்தில் அவருடைய கருத்துகளைப் பின்வந்த நீதிபதிகள் பெருமதிப்புடன் எடுத்தாண்டனர்.

மேல்முறையீடு என்னும் பொறுப்பு

மேல்முறையீட்டு நீதிபதியின் பணி யாது என்பதையும் இங்குச் சிறிது விளக்குதல் நன்று. கிராமத்து உழவன் ஒருவன் நிலவழக்கில் முன்சீப்பிடம் தோற்றால் மாவட்ட நீதிமன்றத்தை நாடுவான். அங்கும் தோற்றால், சட்டம் பிறழ்ந்துள்ளது எனக் கூறி உயர் நீதிமன்றத்தின் கதவைத் தட்டுவான். அவ்விடத்தில் சாட்சிகள் வந்து நிற்பதில்லை. கீழ் நீதிமன்றத்தார் எழுதி அனுப்பிய ஏடுகளும் ஆவணங்களுமே நீதிபதியின் முன் இருக்கும். அவற்றைக் கொண்டே உண்மையைக் காண வேண்டும். அவர் கூறும் தீர்ப்பு அந்த உழவனோடு முடிவதில்லை. அதே போன்ற வழக்குடன் பின்னால் வரும் பல்லாயிரவருக்கும் அதுவே அளவுகோலாகிவிடும்.

ஆங்கில நீதிபதிகள் மொழிபெயர்ப்பாளரின் துணையுடன் நம் மக்களின் பத்திரங்களைப் படித்த காலம் அது. பட்டாவும் அடங்கலும் கிராமக் கணக்கும் எவ்வாறு எழுதப்படுகின்றன என்பதைத் தம் கையால் எழுதி அறிந்த ஒருவர் அந்த ஆசனத்தில் இருந்தது எளிய மக்களுக்கு எத்துணைப் பெரிய பலம் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

தேர் வீதியும் மடத்துச் சொத்தும்

அவர் நீதிபதியாக விளங்கிய காலத்தில் சென்னை உயர் நீதிமன்றம் வகுத்த இரண்டு நெறிகள் ஆலய அன்பர்களாகிய நமக்கு நேரடித் தொடர்புடையவை.

முதலாவது, சுவாமி புறப்பாடு பற்றியது. எச்சமயத்தாரும் எப்பிரிவினரும் தம் நிலத்தில் வழிபாட்டிடம் அமைத்து வழிபடலாம். பொது வீதியில் ஊர்வலம் செல்லவும் அவர்களுக்கு உரிமை உண்டு. ஆயினும் அவ்வீதியைப் பிறர் வழக்கம்போல் பயன்படுத்துவதற்கு இடையூறு செய்தல் ஆகாது. அமைதி காக்க அதிகாரிகள் சட்டப்படி இடும் கட்டளைக்கு உட்பட்டு நடத்தல் வேண்டும். 1882-ஆம் ஆண்டுத் தீர்ப்பொன்றில் வகுக்கப்பட்ட இந்நெறியைப் பின்னர் இலண்டன் பிரிவி கவுன்சிலும் ஏற்றது. வீதி அனைவர்க்கும் உரியது, நமக்கும் உரியது என்ற நடுநிலை இதில் உள்ளது.

இரண்டாவது, சமய நிலையங்களின் சொத்து பற்றியது. மடத்தின் சொத்து அதன் தலைவருடைய பதவியைச் சார்ந்தது; அவருடைய குடும்பத்தைச் சார்ந்ததன்று. பதவிக்கு வருபவரிடமே அது செல்லும். அவருக்கு அதனை நிர்வகிக்கும் விரிந்த அதிகாரம் உண்டு என்றாலும், அந்நிலையத்தின் நோக்கத்திற்குப் புறம்பான செயலுக்கு அதனைச் செலவிடலாகாது. இது 1879-ஆம் ஆண்டுத் தீர்ப்பின் சாரம். அறச்சொத்தைக் கையில் வைத்திருப்பவர் அதன் காவலரே என்னும் இவ்வுணர்வு நம் பழைய கல்வெட்டுகளிலும் காணப்படுவதே. அதனைப் புதிய நீதிமன்றத்தின் மொழியிலும் நிலைநாட்டிய தலைமுறையில் முத்துசாமி ஐயர் முதன்மையானவர்.

சமுதாயத்தில் கைம்பெண்களின் துயர் தீர வேண்டும் என்ற எண்ணமும் அவருக்கு இருந்தது. சென்னையில் கைம்பெண் மறுமண இயக்கத்திற்கு ஆதரவு தந்தார். மலையாள நாட்டின் மருமக்கள்தாய முறையில் திருமணத்தின் நிலையை ஆராய 1891-இல் அரசு அமைத்த ஆணையத்திற்கும் அவரே தலைவராக இருந்தார்.

தலைமை ஆசனமும் மறைவும்

1893-ஆம் ஆண்டில் அவருக்குச் சர் பட்டம் கிடைத்தது. அவ்வாண்டிலேயே சில மாதங்கள் தற்காலிகத் தலைமை நீதிபதியாகவும் பணியாற்றினார். சென்னையில் அவ்வாசனத்தில் அமர்ந்த முதல் இந்தியர் அவரே. நிலையான தலைமை நீதிபதியாக ஓர் இந்தியர், பி. வி. இராஜமன்னார், நியமனம் பெறுவதற்கு அதன் பின் 55 ஆண்டுகள் கழிந்து 1948 வர வேண்டியிருந்தது என்பதிலிருந்து அவர் அடைந்த இடத்தின் அருமை விளங்கும்.

1895-ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில், பதவியில் இருந்தபோதே, முத்துசாமி ஐயர் காலமானார். அவ்வாண்டிலேயே மற்றொரு தமிழரான எஸ். சுப்பிரமணிய ஐயர் உயர் நீதிமன்ற நீதிபதியானார். தகுதியற்றவர் என்று இகழப்பட்ட ஓரினத்திற்கு அந்தக் கதவு மீண்டும் அடைபடாதவாறு முத்துசாமி ஐயரின் உழைப்பு செய்துவிட்டது. 1892-இல் திறக்கப்பெற்ற செந்நிற உயர் நீதிமன்றக் கட்டடத்தினுள் அவருடைய சலவைக்கல் உருவச்சிலை அமர்ந்த கோலத்தில் உள்ளது. அவ்வளாகத்தில் மனுநீதிச் சோழனுக்கும் சிலை உண்டு. திருவாரூரின் பெருமை பேசும் இருவர் ஓரிடத்தில் நிலைபெற்றுள்ளனர்.

லாபு வட்டாரத்தில் இருக்கும் நமக்கு

கடல் கடந்து, நெகிரி செம்பிலானின் லாபு வட்டாரத்தில் வாழும் நமக்கும் அவருக்கும் என்ன தொடர்பு எனச் சிலர் வினவலாம். அவர் மறைந்த அதே 1895-இல்தான் நெகிரி செம்பிலான், சிலாங்கூர், பேராக், பகாங் ஆகிய நான்கையும் இணைக்கும் உடன்படிக்கை உருவாயிற்று. அவர் படித்த நாகப்பட்டினத்தின் துறைமுகத்திலிருந்துதான் நம் முன்னோர் பலர் மலாயாவுக்குக் கப்பலேறினர். சட்டமும் அவ்வழியே வந்தது. அவர் நாள்தோறும் புரட்டிய 1860-ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம், 1872-ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டம், ஒப்பந்தச் சட்டம் ஆகியவற்றின் அடிப்படையிலேயே மலேசியாவின் தண்டனைச் சட்டமும், 1950-ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டமும் ஒப்பந்தச் சட்டமும் அமைந்துள்ளன. இந்தியா 2024-இல் அத்தண்டனைச் சட்டத்தையும் சாட்சியச் சட்டத்தையும் மாற்றிவிட்டது. நம் நாட்டில் அவற்றின் வழிவந்த சட்டங்கள் இன்றும் வழக்கில் உள்ளன. மலேசியாவிலிருந்து பிரிவி கவுன்சிலுக்கு மேல்முறையீடு செல்வது 1985-இல் நின்றது. நம் மேல்முறையீட்டு நீதிமன்றம் 1994-இல் தோன்றியது. நம் மக்களும் தத்தம் வழக்குகளோடு அங்குச் செல்கின்றனர்.

இன்னொரு தொடர்பு நெஞ்சை உறுத்துவது. தோட்டக் கோயில்கள் பலவும் நம் பாட்டன்மார் பால்மரங்களிடையே, தோட்ட நிர்வாகத்தின் வாய்மொழி இசைவுடன், தம் கூலியில் மிச்சம் பிடித்து எழுப்பியவை. மண் அவர்களுடையதன்று; பத்திரமும் இல்லை. தோட்டங்கள் கைமாறி வீடமைப்புப் பகுதிகளாக மாறும்போது, எத்தனை ஆண்டு வழிபட்டோம் என்பதைக் காட்ட ஒரு துண்டுக் காகிதமும் இன்றிக் கலங்கி நின்ற ஆலயங்கள் இந்நாட்டில் பல. பக்தியில் குறைவில்லை, பதிவில்தான் குறைவு. மேல்முறையீட்டு நீதிபதியின் முன் நம் கண்ணீர் சென்று நிற்பதில்லை. ஏடுகளே சென்று நிற்கும்.

ஆகவே பழைய கடிதம், நன்கொடைப் பற்றுச்சீட்டு, கும்பாபிஷேகப் பத்திரிகை, திருவிழாப் புகைப்படம், கூட்டக் குறிப்பு, நில அலுவலக மடல் ஆகிய ஒவ்வொன்றையும் ஆலயங்கள் போற்றிக் காத்தல் வேண்டும். பொறுப்பேற்பவர் கணக்கைத் தெளிவாக எழுதி, அடுத்து வருபவரிடம் முகமலர்ச்சியுடன் ஒப்படைத்தல் வேண்டும். கிராமக் கணக்கரிடம் 1 ரூபாய்க்கு எழுதப் பழகிய கையே பின்னர் உயர் நீதிமன்றத் தீர்ப்புகளை எழுதிற்று. சரியான கணக்கு எங்கு உள்ளதோ அங்கு நியாயம் கேட்கும் துணிவும் பிறக்கும்.

இவ்வட்டாரத் தமிழ்ப்பள்ளிகளில் பயிலும் பிள்ளைகளுள் யாரேனும் ஒருவர் நாளை அத்தகைய ஆசனத்தில் அமரக்கூடும். முத்துசாமி நாயக்கரைப் போல் அப்பிள்ளையைக் கண்டுகொண்டு கைதூக்கிவிடும் கண்ணும் மனமும் நமக்கு வாய்க்கத் தியாகேசப் பெருமானின் திருவருள் துணை நிற்பதாக.